மரமில்லா மலையும் நீரில்லா ஆறும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

வேலூருக்குக் குடிவருகிற எவரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிற ஒரு பழஞ்சொல் உண்டு. மன்னனில்லாக் கோட்டை, தெய்வமில்லாக் கோயில், நீரில்லா ஆறு, மரமில்லா மலை ஆகியவை வேலூரின் சிறப்புகள் என்பதே அது. இன்னும் ஒன்றிரண்டைச் சேர்த்துச் சொல்வாரும் உண்டு. அவை சபைக்கு ஏற்றவை அல்ல; விட்டுவிடுவோம். வெளியூர் உறவினர் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது நாமும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுகிறோம். ஆனால் இந்தச் சொல்லைச் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் நன்று.

மன்னன் இனி வரப்போவதில்லை. மக்களாட்சியில் அவன் வரவும் வேண்டாம். தெய்வமில்லாக் கோயில் என்ற குறை 1981-ஆம் ஆண்டில் நீங்கிவிட்டது. நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலில் அவ்வாண்டு சிவலிங்கம் மீண்டும் எழுந்தருளியது. ஆக, ஊர் மக்கள் மனம் வைத்தால் பழஞ்சொல்லும் பொய்யாகும் என்பதற்கு நம் கண்முன்னே சான்று இருக்கிறது. எஞ்சி நிற்பவை இரண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை. இவ்விரண்டும் தனித்தனிக் குறைகள் என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். அவை ஒரே குறையின் இரு பெயர்கள் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முனைந்தேன்.

வள்ளுவர் கண்ட கோட்டை

நம் முன்னோர் நிலத்தைப் பகுத்தபோது மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றனர். காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்றனர். வயலாகிய மருதத்தை அவற்றின் பின்னரே வைத்தனர். மலையும் காடும் நலமாக இருந்தால்தான் வயலுக்கு வாழ்வு என்பது இதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வள்ளுவரோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். அரண் என்னும் அதிகாரத்தில் ஒரு நாட்டுக்குக் கோட்டையாக அமைவன எவை என்று எண்ணிச் சொல்லும்போது, நீர், நிலம், மலை ஆகியவற்றோடு நிழல் தரும் காட்டையும் சேர்த்து எண்ணுகிறார். கருங்கல் கோட்டையையும் அகழியையும் நாள்தோறும் பார்க்கிற வேலூர் மாணவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். கல்லால் கட்டிய கோட்டை நம்மிடம் உறுதியாக இருக்கிறது. காட்டால் அமைந்த கோட்டையைத்தான் இழந்து நிற்கிறோம்.

காட்பாடி என்ற பெயரையே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதில் காடு ஒலிக்கிறது. நம் வட்டத்திலுள்ள வள்ளிமலை, வேடர் குலத்து வள்ளி தினைப்புனம் காத்த இடம் என்று போற்றப்படும் மலை. பெயரிலும் கதையிலும் காட்டை வைத்துக்கொண்டு, கண்ணெதிரே பாறையைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறோம்.

மலை குடித்தால் ஆறு ஓடும்

காட்பாடியிலிருந்து வேலூருக்குச் செல்லும் பேருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது நம்மில் எத்தனை பேர் சன்னல் வழியே பார்க்கிறோம்? பார்த்தாலும் தெரிவது மணலும் முட்புதரும் நாணலுமே. நந்தி மலையில் பிறந்து, கருநாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் கடந்து, நம் தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் நீளம் கிடக்கின்ற ஆறு இது. ஓடுகின்ற ஆறு என்று எழுத மனம் வந்தாலும் கை வரவில்லை.

மேலே உள்ள மாநிலங்களில் எழுந்த அணைகளும் தடுப்பணைகளும், வரைமுறையின்றி அள்ளிய மணலும், எண்ணற்ற ஆழ்துளைக் கிணறுகளும் இதற்குக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாலாற்றுக்கு நம் பக்கத்திலிருந்தும் துணையாறுகள் உண்டு. செய்யாறு, அகரம் ஆறு, நாகநதி ஆகியவை நம் சவ்வாது மலையிலே பிறப்பவை. அவற்றின் வறட்சிக்கு அண்டை மாநிலத்தாரைக் குறை கூற இயலுமா? கேட்க வேண்டியதை உரிய இடத்தில் கேட்போம். அதே வேளையில் நம் மலை நம் கையில் இருக்கிறது என்பதை மறத்தல் ஆகாது.

நம்முடையது மழையே இல்லாத ஊர் அன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 முதல் 1000 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. கேள்வி அந்த மழை எங்கே போகிறது என்பதே. காடுள்ள மலையில் மழைத்துளி முதலில் இலைமேல் விழுகிறது. பின்பு கிளை வழியே இறங்கி, மக்கிய சருகின்மேல் சேர்கிறது. சருகு பஞ்சைப் போல அதைக் குடிக்கிறது. வேர்கள் போகும் வழியே நீரும் போய்ப் பாறைப் பிளவுகளில் தங்குகிறது. கார்த்திகையில் பெய்த மழை மாசியிலும் பங்குனியிலும் சுனையாய்க் கசிவது இப்படித்தான். மொட்டை மலையிலோ, துளி மண்ணை அடித்துக் கரைத்துக்கொண்டு உருண்டோடுகிறது. காலையில் வெள்ளம், மாலையில் வெறுமணல். கரைந்து வந்த மண் ஏரியின் அடியில் படிகிறது. கழிஞ்சூர் ஏரியும் தாராபடவேடு ஏரியும் போன்ற நீர்நிலைகள் மேடாகிப் போவதை நாம் ஏரியின் குற்றமாக நினைக்கிறோம். அம்மண் எல்லாம் மேட்டு நிலத்தினின்றும் குன்றினின்றும் இறங்கி வந்தது அன்றோ!

2021-ஆம் ஆண்டு நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் கரைபுரண்டதை நாம் அனைவரும் கண்டோம். அதே ஆண்டு டிசம்பரில் திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தின் தூணில் சேதம் கண்டு ரயில்களை நிறுத்த நேர்ந்தது. அன்று காட்பாடிச் சந்திப்பில் தவித்து நின்ற கூட்டம் பெரிது. அத்தனை நீரும் கடலுக்குப் போயிற்று. அடுத்த கோடையில் எங்கள் தெருவுக்கு மீண்டும் தண்ணீர் லாரி வந்தது. பெருமழையைக் காடு முழுவதுமாகத் தடுத்துவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால் வெள்ளத்தின் வேகத்தைக் குறைத்து, ஒருநாள் நீரைப் பல மாதங்களுக்குப் பங்கிட்டுத் தரவல்லது காடு ஒன்றே.

தோலுக்குத் தாய் ஆவாரை

நம் பகுதியின் சோற்றுக்கு வழி தோல் தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றுச் சமவெளி நெடுகிலும் அதனால் வாழும் குடும்பங்கள் ஆயிரமாயிரம். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. என் தாயார் காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பகுதி தைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். பொழுது விடியுமுன் கம்பெனி வண்டி ஏறி, விளக்கு வைத்த பின்பே வீடு திரும்புகிறார். நான் படிக்கும் புத்தகம் ஒவ்வொன்றும் அந்தத் தையலில் வந்தது. ஆகவே தோல் தொழிலை வெறுத்துப் பேச எனக்கு நாவும் எழாது, உரிமையும் கிடையாது. ஆயினும் அத்தொழிலின் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. இத்தொழிலை ஈன்று வளர்த்ததே நம் காடுதான்.

என் தாத்தாவுக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. சிறுவனாக இருந்தபோது தம் தகப்பனாருடன் கரட்டுக்குச் சென்று ஆவாரம் பட்டை உரித்தவர் அவர். உரித்த பட்டையைத் தட்டி, வெயிலில் காயவைத்து, கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து மண்டிக்குக் கொண்டுபோவார்களாம். மணங்குக் கணக்கில் காசு. அக்காலத்தில் ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்கி, பின்பு ஆவாரம் பட்டை ஊறிய நீரில் பல நாட்கள் போட்டுப் பதப்படுத்துவர். பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு ஒட்டிக்கொண்டு அது அழுகாதபடி காக்கும். இறுதியில் கடுக்காய் நீரில் முக்கி நிறம் ஏற்றுவர். கிழக்கிந்தியத் தோல் என்று பெயர் பெற்று இங்கிலாந்துச் சந்தையில் மதிக்கப்பட்ட சரக்கு இதுவே. ஆவாரையும் காட்டுச் செடி; கடுக்காயும் காட்டு மரத்தின் காய். பொங்கலுக்குக் காப்புக் கட்டவும், சர்க்கரை நோய்க்குக் கசாயம் வைக்கவும் மட்டுமே நாம் இன்று தேடுகிற மஞ்சட்பூ, ஒரு காலத்தில் இம்மாவட்டத்தின் மூலதனமாக இருந்தது.

"ஆவாரைய வேரோட பிடுங்கினவன் அடுத்த வருசம் பட்டினிடா கண்ணு" என்று தாத்தா இப்போதும் சொல்வார். கிளையை மட்டும் வெட்டி அடிக்கட்டையை விட்டுவிட்டால், ஒரு மழைக்கு மீண்டும் துளிர்க்கும். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கூலித் தொழிலாளர்களுக்கு எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விடவேண்டும் என்ற கணக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கணக்கு எங்கும் நின்று நிலைக்கவில்லை. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னகத்தின் முதல் ரயில் ஓடியது. பின்பு அப்பாதை நம் காட்பாடியைக் கடந்து சோலையார்பேட்டை நோக்கி நீண்டது. தண்டவாளத்தின் கீழ்க் கட்டைகளுக்கு மரம் வேண்டும். தொடக்கக் காலத்து எஞ்சின்களுக்கு எரிக்க விறகு வேண்டும். அதே 1856-இல் ஹ்யூ கிளெக்ஹார்ன் என்னும் மருத்துவர் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். ரயிலும் வனத்துறையும் ஒரே ஆண்டில் பிறந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. பின்னர் 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது.

தோலின் தேவை பெருகியபோது உள்ளூர் ஆவாரை போதவில்லை. துவர்ப்பு மிகுந்த வாட்டில் பட்டை தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. விடுதலைக்குப் பின், அதை இங்கேயே விளைவிப்போம் என்று நீலகிரியிலும் பழனி மலையிலும் அந்த மரத்தைப் பரப்பினர். நீலகிரி மக்கள் அதைச் சீகை மரம் என்பர். அது நடப்பட்ட இடங்களுள் பெரும்பகுதி, சோலைக்காடுகளுக்கு இடையே மழைநீரைத் தேக்கி வைத்த புல்வெளிகள். பயனற்ற வெற்றிடம் என்று கருதி அங்கே மரம் நட்டனர். இன்றோ அந்த அயல்மரத்தை அகற்றிப் புல்வெளியை மீட்கப் பாடுபடுகின்றனர். மரம் நடுவது வேறு, காடு வளர்ப்பது வேறு என்ற பாடத்தை நம் தோல் தொழிலுக்காக மலை நாடு கற்றுக்கொண்டது.

1970-களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மைய அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாக்கிய தோலும் காலணியும் பெருகின. பட்டையின் இடத்தைக் குரோம் உப்பு பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. பல நாள் வேலை மிக விரைவில் முடிந்தது. கழிவு ஆற்றுக்குப் போயிற்று. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்டம் படிப்போர் யாவரும் அறிவர். தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போனதை அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்ற நெறியை அது நாட்டுக்கு வழங்கியது. 2025 ஜனவரியிலும் பாலாற்றின் மாசு குறித்து உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது.

ஆற்றங்கரையில் வாழும் என் அத்தை வீட்டுக் கிணற்று நீர் பருப்பை வேகவிடாது, சோப்பு நுரைக்காது. தென்னைகள் குரும்பையிலேயே உதிர்க்கும். ஆனால் அத்தையின் மகனும் ஒரு தோல் கம்பெனியில்தான் வேலை செய்கிறான். கிணற்றைக் கெடுத்ததும் அதுவே. கேன் தண்ணீருக்குக் காசு தருவதும் அதுவே. இந்தச் சிக்கலில்தான் நம்மூர்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. நீதிமன்றம் கழிவைத் தடுக்கலாம். ஈட்டுத் தொகை வாங்கித் தரலாம். ஆற்றில் நல்ல நீர் வரவழைக்க மலையால்தான் முடியும்.

சந்தனம் போன பின்பு

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகச் சவ்வாது மலையடிவாரத்தில் ஏழு நாட்கள் தங்கியிருந்தோம். சந்தனத்துக்குப் பேர்போன மலை அது. திருப்பத்தூரிலுள்ள அரசின் சந்தனக் கிடங்கை அறியாதார் இல்லை. சந்தன மரத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அது தனித்து வளராது. அருகிலுள்ள செடி மரங்களின் வேரோடு தன் வேரைச் சேர்த்து உணவு பெற்றே வளரும். அண்டையில் காடு இல்லையேல் சந்தனமும் இல்லை. மனிதனுக்கும் இது பொருந்தும் அன்றோ? கள்ளக் கடத்தலால் அம்மலையின் சந்தனம் பெரிதும் அழிந்தது.

சாமையும் தினையும் விதைத்து, தேனும் கடுக்காயும் புளியும் திரட்டி வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள், பிழைப்புத் தேடிச் சமவெளிக்கு இறங்கினர். அவர்களுள் சிலரை இடைத்தரகர்கள் செம்மரம் வெட்ட ஆந்திரத்துக்கு அழைத்துச் சென்றனர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர். சவ்வாது மலையையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்தவர்கள் அவர்களுள் பலர். முகாமில் ஒரு மாலை இதுபற்றிப் பேச்சு வந்தது. அங்கிருந்த முதியவர் ஒருவர், "மலையில வேலை இருந்தா எங்க புள்ளைங்க எதுக்குப்பா கீழ இறங்கப் போவுது?" என்று கேட்டார். எங்களுள் ஒருவருக்கும் விடை சொல்லத் தெரியவில்லை. மரத்தைக் காப்பது பற்றி அட்டையில் எழுதி ஊர்வலம் போகத் தயாராக இருந்தோம். தம் காட்டை இழந்தவன் பிறர் காட்டில் கூலியாகிறான் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோருக்கு நிலத்திலும் சிறுவிளைபொருளிலும் உரிமை தந்திருக்கிறது. காட்டைக் காப்பதென்றால் அந்த மக்களைக் காட்டிலிருந்து அகற்றுவது என்று பொருள் கொள்ளலாகாது.

பெண்கள் மீட்ட நதி

இனி வழியே இல்லையோ என்று சோர்வதற்கு இடமில்லை. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நூறுநாள் வேலைத் திட்டத்தின் கீழ், கிராமப் பெண்கள் நாகநதியின் போக்கில் நீர்செறிவுக் கிணறுகளை வெட்டினர்; மலைச்சரிவின் ஓடைகளில் கல்லடுக்கித் தடுப்புகள் கட்டினர். ஓடிப்போன மழை நின்று நிலத்துள் இறங்கியது. வறண்ட நதி மீண்டும் உயிர் பெற்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. இமயத்தின் சமோலி மாவட்டத்தில் 1973-இல் தொடங்கிய சிப்கோ இயக்கத்தில் மரங்களைக் கட்டித் தழுவிக் காத்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. கென்யாவில் 1977-இல் வாங்கரி மாத்தாய் அம்மையார் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கியதும் கிராமப் பெண்களைக் கொண்டே. 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீர்க் குடத்தைச் சுமப்பவர்க்கே காட்டின் அருமை முதலில் தெரிகிறது போலும்!

நாம் செய்யத்தக்கவை

1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கும், மலைப் பகுதிகளில் மூன்றில் இரு பங்கும் காடாக இருத்தல் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் இப்போதுள்ளது ஏறத்தாழ 20 விழுக்காடு. 33 விழுக்காட்டை எட்டுவதற்காக 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். மாணவராகிய நம்மால் ஆவது என்ன?

முதலாவது, தீ. மாசி முதல் வைகாசி வரை வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் இரவில் தீக்கோடு தெரியும். புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சலுக்காக வைப்பதும் உண்டு. அணைக்காது எறிந்த பீடித் துண்டால் பற்றுவதும் உண்டு. பல ஆண்டு முளைத்த கன்றுகள் ஓரிரவில் கருகுகின்றன. கோடையில் குன்றுக்கு ஐந்து மாணவர் என்று முறைவைத்துக் கண்காணித்து, வனத்துறைக்கு உடனே தகவல் தரலாம். நட்ட நூறு கன்றைவிட, எரியாமல் காத்த ஒரு சரிவு மேல்.

இரண்டாவது, விதை. நமது மண்ணின் இயற்கையான காடு ஓங்கிய பெருங்காடு அன்று; முட்புதரும் இலையுதிர் மரமும் கலந்த கரட்டுக் காடு. அதற்கேற்ற ஆவாரை, உசிலை, வெள்வேல், கருங்காலி, வெப்பாலை ஆகியவற்றின் விதைகளைத் திரட்டி, முதல் மழைக்குமுன் தூவ வேண்டும். விழாவுக்கு ஒரு கன்றை நட்டு, படம் எடுத்து, மறுவாரம் மறந்துவிடும் வழக்கத்தை இத்துடன் நிறுத்துவோம்.

மூன்றாவது, கேள்வி. நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் தோல், காலணித் தொழிலிலேயே கணக்கராகவும் மேற்பார்வையாளராகவும் வேதியியலாளராகவும் சேரப்போகிறோம். 1948-இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. மரப்பட்டையில் பதனிட்ட தோலுக்கு வெளிநாடுகளில் மீண்டும் மதிப்பு இருக்கிறது. தரிசிலும் கரட்டிலும் ஆவாரை வளர்த்து, அதில் மலைமக்களுக்கும் நிலமற்றோருக்கும் கூலி கிடைக்கச் செய்ய இயலாதா? காட்டால் வளர்ந்த தொழில் காட்டுக்குத் திருப்பித் தருவதைப் பிச்சை என்று எவரும் சொல்லார். அது கடன் தீர்ப்பது.

என் தாத்தா இப்போது நெடுந்தூரம் நடப்பதில்லை. சென்ற ஆடியில் எங்கள் ஊர்க் கரட்டின் ஓரமாய் நண்பர்கள் எழுவர் ஆவாரை விதை தூவினோம். முளைத்தவற்றுள் ஆடு மேய்ந்தவை போக, முழங்கால் உயரத்தில் நாற்பது செடிகளுக்குமேல் நிற்கின்றன. ஆவாரை பூத்த ஊரில் சாவு அணுகாது என்பது பாட்டிமார் வாக்கு. வருகிற கோடையில் அந்தக் கரட்டில் தீ பற்றாமல் காப்பதே இப்போது எங்கள் வேலை. ஆள் போதவில்லை. விருப்பமுள்ள நண்பர்கள் வரலாறு மூன்றாம் ஆண்டு வகுப்பில் பெயர் கொடுக்கலாம்.